ரூகர் அமெரிக்கன் இரண்டாம் தலைமுறை .308: முதல் ரைபிளாக வாங்கலாமா? (நியூசிலாந்து)

#1 தாராபுரம்77

வணக்கம். போன மாதம்தான் துப்பாக்கி உரிமம் கைக்கு வந்தது. பாமர்ஸ்டன் நார்த்தில் இருக்கிறேன். கூட வேலை பார்ப்பவருடன் இரண்டு வருடமாக ருவாஹினே, தராருவா மலைகளுக்குப் போய் வருகிறேன். அவர் சுடுவார், நான் கறி சுமப்பேன். இனி நானும் சுட வேண்டும்.

கடைசிச் சுற்றில் இரண்டு ரைபிள்கள் நிற்கின்றன. ஒன்று ரூகர் அமெரிக்கன் இரண்டாம் தலைமுறை, .308 தோட்டா. இன்னொன்று டிக்கா டி3எக்ஸ் லைட், அதே .308. கடையில் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன். டிக்காவின் போல்ட் (தோட்டா ஏற்ற, இறக்க இழுக்கும் கம்பி) எண்ணெய் விட்ட கதவு மாதிரி ஓடுகிறது. ரூகரின் போல்ட் மணல் விழுந்த தாழ்ப்பாள் மாதிரி கரகரத்தது. ஆனால் தோளில் வைத்துப் பார்த்தால் ரூகர்தான் பொருந்தியது. டிக்காவில் கழுத்தை நீட்டி நீட்டி ஸ்கோப்புக்குள் பார்க்க வேண்டியிருந்தது. என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், அதனாலா?

ரூகர் விலையும் குறைவு. மிச்சப் பணத்தில் நல்ல ஸ்கோப் வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறேன். அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

#2 டிக்கா_பக்தன்

தம்பி, யோசிக்கவே வேண்டாம், டிக்கா. பின்லாந்தின் ரீஹிமாக்கியில் சாக்கோ ஆலையில் செய்வது. சாக்கோ ரைபிளுக்கும் டிக்காவுக்கும் குழல் ஒரே தரம். 100 கெஜத்தில் மூன்று குண்டுகளும் ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று ஆலையே உத்தரவாதம் தருகிறது. கனடாவின் வட எல்லையில் ரோந்து போகும் ரேஞ்சர்களுக்கு 1947 முதல் கையில் இருந்த பழைய லீ-என்ஃபீல்டை மாற்றியபோது 2018-ல் என்ன கொடுத்தார்கள்? டிக்காவை அடிப்படையாக வைத்துச் செய்த ரைபிள்தான். பனிக்கரடி ஊரிலேயே வேலை செய்கிறது, தராருவா மழையில் செய்யாதா?

மலிவு என்று வாங்கினால் இரண்டு வருடத்தில் விற்றுவிட்டு மறுபடி டிக்காவுக்குத்தான் வருவீர்கள். நான் அப்படித்தான் வந்தேன்.

#3 மழைநடையன்

பக்தன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் விற்றது முதல் தலைமுறை ரூகராக இருக்கும். அதை வைத்து இதை எடை போடக் கூடாது. நான் இரண்டையும் வைத்திருந்தவன், இப்போது டிக்காவும் வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2012 வாக்கில் கடைகளுக்கு வந்த முதல் ரூகர் அமெரிக்கனில் குழல் நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் சிக்கனம். ஸ்டாக்கின் (குழலைத் தாங்கி, தோளில் வைக்கும் கட்டையின்) முன்பகுதி அவ்வளவு நெகிழ்வு, பையின் மேல் சாய்த்து அழுத்தினால் குழலைத் தொட்டுவிடும். தொட்டால் குண்டு போகும் இடம் மாறும். சுழல் வகை பிளாஸ்டிக் மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு) சிலருக்கு ஒழுங்காகப் பிடிக்காமல் தொல்லை கொடுத்தது. குழல் கறுப்புப் பூச்சு, இந்த ஊர் மழைக்கு இரண்டு நாளில் துருப்புள்ளி காட்டும்.

2023 டிசம்பரில் வந்த இரண்டாம் தலைமுறையில் இவற்றைத்தான் ஒவ்வொன்றாகச் சரி செய்திருக்கிறார்கள். ஸ்டாக் விறைப்பாகியிருக்கிறது. குழலிலும் ஆக்‌ஷனிலும் துரு தடுக்கும் செராகோட் பூச்சு (ஆக்‌ஷன் என்பது போல்ட் ஓடும் கூடு). .308-ல் குழல் 20 அங்குலம், அதில் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். அது எடையைக் கொஞ்சம் குறைக்கும், கண்ணுக்கு அழகு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. மேகசின் ஏஐ (அக்யுரசி இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தின்) பாணிக்கு மாறிவிட்டது, வேறு கம்பெனிகள் செய்யும் அதே பாணி மேகசின்களும் போடலாம். ஸ்கோப் மாட்ட ரெயில் ஆலையிலிருந்தே பூட்டி வருகிறது. அமெரிக்காவில் அறிமுக விலை 729 டாலர். முதல் தலைமுறையை விட அதிகம் என்று அங்கே புலம்பினார்கள்.

மாறாதது போல்ட். பூட்ட மூன்று பற்கள், திறக்க 70 டிகிரி தூக்கல். மூன்று பற்கள் என்பதால் தூக்கும் கோணம் குறைகிறது, ஆனால் அதே வில்லைக் குறைந்த தூரத்தில் அழுத்த வேண்டியிருப்பதால் கை கொஞ்சம் பலம் போட வேண்டும். டிக்கா இரண்டு பற்களை வைத்துக்கொண்டே அதே 70 டிகிரியில் மென்மையாக ஓடுகிறது. அந்தக் கரகரப்பு 200, 300 முறை இழுத்தால் பாதி போய்விடும், முழுதும் போகாது. சாயங்காலம் செய்தி பார்த்துக்கொண்டே வெறும் ரைபிளை இழுத்துக்கொண்டிருங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் பூட்டியிருக்கட்டும்.

உயரம் பற்றிக் கேட்டீர்களே, அதுதான் இந்த இழையில் பெரிய விஷயம். விசையிலிருந்து ஸ்டாக்கின் பின்முனை வரை உள்ள நீளம் ரூகரில் சுமார் 35 செ.மீ. பின்னால் உள்ள துண்டைக் கழற்றினால் 30 செ.மீ. சொச்சத்துக்கு இறங்கும். கன்னம் சாயும் மேட்டையும் கழற்றிப் பூட்டலாம். டிக்கா லைட்டில் இடையில் துண்டு சேர்த்து நீட்டலாமே தவிரக் குறைக்க முடியாது, அறுக்க வேண்டும். காம்பாக்ட் என்று குட்டை ஸ்டாக் வைத்த டிக்கா மாடலும் உண்டு, ஆனால் எல்லாக் கடையிலும் இருக்காது. சட்டை அளவு பார்த்து வாங்குகிறோம், ரைபிளை மட்டும் ஏன் ஊரார் பேச்சைக் கேட்டு வாங்க வேண்டும்?

#4 தாராபுரம்77

மழைநடையன், நன்றி. இவ்வளவு விவரம் கடைக்காரர்கூடச் சொல்லவில்லை. பக்தன் அண்ணே, நான் தம்பி இல்லை, தங்கச்சி. 77 நான் பிறந்த வருடம், ஒருவேளை அக்காவாகவும் இருக்கலாம் :)

இன்னொரு சந்தேகம். ரூகரின் குழல் நுனியில் பிரேக் ஒன்று திருகியிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுச் சத்தம் குறைக்கும் சப்ரஸர் போடலாமா? மரை எல்லாம் ஒரே அளவா?

#5 டிக்கா_பக்தன்

மன்னியுங்கள் அக்கா. எனக்கு 79.

பிரேக்கை உடனே கழற்றுங்கள். உதையைக் குறைக்கும், உண்மைதான், ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் வீசும். பக்கத்தில் நிற்பவர் உங்களோடு மறுபடி வேட்டைக்கு வர மாட்டார். ரூகரின் மரை 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. டிக்காவில் எந்த நாட்டுக்கு எந்த மாடல் என்பதைப் பொறுத்து மாறும், மில்லிமீட்டர் மரையும் வரும். சப்ரஸர் வாங்கும் முன் குழலை அளந்து கேட்டு வாங்குங்கள். என் முதல் சப்ரஸர் மரை பொருந்தாமல் மேசைக்குப் பேப்பர் வெயிட்டாக ஒரு வருடம் இருந்தது.

#6 வன்னியான்

மரை மரை என்று நீங்கள் எழுதுவதைப் பார்த்து நான் மானைப் பற்றித்தான் பேச்சு என்று ஓடி வந்தேன். எங்கள் பக்கம் மரை என்றால் நீங்கள் கடமான் என்று சொல்வது.

சிரிப்புக்குச் சொல்லவில்லை, அக்கா இருக்கும் மனவாட்டுப் பக்கத்திலேயே மரை இருக்கிறது. 1875-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டது அதன் வம்சம். இங்கே ஆட்கள் சாம்பர் என்பார்கள். வடதீவின் ஈர நிலங்களிலும் பைன் தோட்டங்களிலும் ஒளிந்து திரியும். நான் வந்து ஏழு வருடத்தில் இரண்டு தடவைதான் கண்டிருக்கிறேன், இரண்டு தடவையும் அது என்னை முதலில் கண்டுவிட்டது. என்னைப் போலவே அதுவும் ஊர் விட்டு வந்தது என்று நினைப்பேன், பிறகு குழம்பு நினைவு வந்துவிடும்.

.308 மரைக்குப் போதும். செம்மானுக்கும் தாராளம். அந்தக் கவலை வேண்டாம்.

#7 சிக்கா_செல்வம்

.308 ஏன்? இந்தக் காலத்தில் 6.5 கிரீட்மூர் எடுக்கலாமே. உதை குறைவு, காற்றில் விலகல் குறைவு. அக்கா உடல்வாகுக்கு அதுதான் சரி.

#8 மழைநடையன்

உடல்வாகு பேச்சை விடுங்கள். உதையைத் தாங்குவது உடம்பைவிட ஸ்டாக் பொருத்தத்தையும் பழக்கத்தையும் பொறுத்தது.

6.5 கிரீட்மூர் 2007-ல் ஹோர்னடி கொண்டுவந்த தோட்டா, தொலைதூர இலக்குப் போட்டிக்காக. 300 மீட்டருக்கு அப்பால் அதன் நீண்ட ஒல்லிக் குண்டு நன்றாகப் பறக்கும். அக்கா போவது தராருவா புதர்க் காடு. அங்கே 60 மீட்டரில் மான் தெரிந்தால் அதிர்ஷ்டம். ஆற்றுப் படுகையில் 200 மீட்டர் வரலாம். அந்தத் தூரத்துக்குள் இரண்டும் ஒன்றுதான். உதை குறைவு என்பது மட்டும் உண்மை. .308-ஐ விட நன்றாகவே குறைவு, தோளுக்கே தெரியும். பயிற்சிக்கு அது நல்லது.

.308 பக்கம் ஒரே வாதம், எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா இருக்கும். 1952-லிருந்து இருக்கிறது. மலைக்குப் போகும் வழியில் தோட்டாப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டோம் என்று நினைவு வந்த மனிதனுக்கு இந்த வாதம் புரியும். அந்த மனிதன் நான்தான்.

#9 ஆக்லாந்து_அண்ணாச்சி

தாமதமாக வருகிறேன். எல்லோரும் போல்ட், மேகசின், மரை என்று போகிறீர்கள். புதிய ரூகரில் எனக்குப் பிடித்த ஒரே மாற்றத்தை யாரும் சொல்லவில்லை. சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு.

டிக்காவில் சேஃப்டிக்கு இரண்டே நிலை. போட்டால் விசையும் பூட்டும், போல்ட்டும் பூட்டும். சேம்பரில் (குழலின் பின்முனை அறையில்) தோட்டா இருக்கிறது, மான் போய்விட்டது, தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும். போல்ட்டைத் திறக்கச் சேஃப்டியை எடுத்தே ஆக வேண்டும். அதாவது, சுட வேண்டாம் என்று முடிவு செய்த அந்த நேரத்தில் ரைபிளைச் சுடத் தயாரான நிலைக்குக் கொண்டுவருகிறீர்கள். குளிரில் விரல் மரத்திருக்கும், கையுறை வேறு.

ரூகரில் கட்டைவிரலுக்கு நேர் கீழே, ஸ்டாக்கின் கழுத்தில், மூன்று நிலை. முன்னால் தள்ளினால் சுடலாம். முழுக்கப் பின்னால் இழுத்தால் எல்லாம் பூட்டு, புதர் இழுத்துப் போல்ட் திறந்துகொள்ளாது. நடுவில் விசை பூட்டியபடி போல்ட் மட்டும் திறக்கும். ஒன்றும் புதிதில்லை, 1898-ன் மௌசரிலேயே மூன்று நிலை இருந்தது, 1936-ன் வின்செஸ்டர் மாடல் 70-லும் இருந்தது. மலிவு ரைபிள்களில்தான் காணாமல் போயிருந்தது.

இது காகிதத்தில் பேசும் குறை இல்லை. ரெமிங்டன் மாடல் 700-ல் 1982 வரை சேஃப்டி போட்டால் போல்ட் பூட்டிக்கொள்ளும், டிக்கா மாதிரியே. 2000 அக்டோபரில் அமெரிக்காவின் மொன்டானாவில், அப்படிப்பட்ட பழைய ரைபிளிலிருந்து தோட்டாவை இறக்க ஒரு தாய் சேஃப்டியைத் தள்ளினார். வெடித்தது. குண்டு முன்னால் நின்ற குதிரை டிரெய்லரைத் துளைத்துக்கொண்டு போய், அதற்கு அப்பால் நின்ற 9 வயது மகன் மேல் பாய்ந்தது. பையன் இறந்துவிட்டான். விசையைத் தொடவே இல்லை என்றது குடும்பம். விசையில் குறை இல்லை என்றது நிறுவனம். வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன. குறை யார் பக்கம் இருந்தாலும், போல்ட் திறக்கச் சேஃப்டியை எடுக்க வேண்டியிருக்கவில்லை என்றால் அந்தக் கணமே வந்திருக்காது.

#10 டிக்கா_பக்தன்

அண்ணாச்சி, மனசு கனத்துவிட்டது. ஆனால் ரெமிங்டன் கதையை டிக்கா தலையில் கட்டாதீர்கள். டிக்காவின் விசை அமைப்பு வேறு, அதில் அப்படி ஒரு புகார் நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்று. இந்த நாட்டில் நமக்குச் சொல்லிக்கொடுப்பது என்ன? ஏழு விதிகளில் மூன்றாவது, சுடத் தயாரானால்தான் சேம்பரில் தோட்டா ஏற்ற வேண்டும். மேகசினில் தோட்டா, சேம்பர் காலி, அப்படியேதான் நாள் முழுக்க நடக்கிறோம். சேஃப்டியை நம்பாதே என்றுதான் வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள். நான் பத்து வருடத்தில் என் டிக்காவின் சேஃப்டியைத் தொட்டது விரல் விட்டு எண்ணிவிடலாம். சேஃப்டிக்கு மூன்று நிலையா முப்பது நிலையா என்பது எனக்கு ஒன்றுதான்.

#11 ஆக்லாந்து_அண்ணாச்சி

நடக்கும்போது காலி, சரி. நான் சொல்வது அதற்கு அடுத்த கட்டம். மான் தெரிகிறது, ஏற்றுகிறீர்கள், அது மரத்துக்குப் பின்னால் போகிறது. பத்து நிமிடம் காத்திருக்கிறீர்கள். பிறகு அது வரவே இல்லை. இது எத்தனை முறை நடந்திருக்கிறது உங்களுக்கு?

#12 டிக்கா_பக்தன்

ம். நிறைய.

#13 ஆக்லாந்து_அண்ணாச்சி

அப்போது போல்ட்டைத் திறக்கும் அந்த இரண்டு விநாடிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். டிக்கா வைத்திருப்பவர்கள் அதை விற்க வேண்டியதில்லை. குழலை மண்மேட்டைப் பார்த்து வைத்துவிட்டு, விரலை விசைக்கூட்டுக்கு வெளியே வைத்துத் திறந்தால் போதும். நானும் பல வருடம் அப்படிச் செய்தவன்தான். ஆனால் புதிதாக வாங்கும் ஒருவருக்கு, அதுவும் முதல் வருடத்தில், ஒரு தடுப்பு கூடுதலாக இருக்கட்டுமே என்பது என் கட்சி.

#14 வன்னியான்

நான் டிக்காதான் வைத்திருக்கிறேன். அண்ணாச்சி சொன்னதை நேற்று வெறும் ரைபிளில் செய்து பார்த்தேன். சேஃப்டியைத் தள்ளிய கையோடு ஆள்காட்டி விரல் தன்பாட்டில் விசைப் பக்கம் போனது. பத்துத் தடவையில் மூன்று தடவை. எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. இனிப் பழக வேண்டும்.

#15 சிக்கா_செல்வம்

துல்லியம் பற்றி யாரும் பேசவில்லையே? டிக்கா ஓர் அங்குல உத்தரவாதம், ரூகர்?

#16 மழைநடையன்

மூன்று குண்டு ஓர் அங்குலம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மூன்று குண்டு வைத்து எந்த ரைபிளையும் எடை போட முடியாது. இன்று ஓர் அங்குலம் விழுந்த அதே ரைபிள், அதே தோட்டாவில், பத்துக் குண்டு சுட்டால் ஒன்றரை, இரண்டு அங்குலம் பரவும். அது ரைபிளின் குற்றமில்லை, உண்மையான பரவல் அவ்வளவு என்று அர்த்தம். இணையத்தில் படம் போடுபவர்கள் ஐந்து தாளில் நல்ல தாளை மட்டும் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன், கேட்காதீர்கள்.

என் ரூகர் இரண்டாம் தலைமுறை, 150 கிரெய்ன் எடைக் குண்டு உள்ள சாதாரண வேட்டைத் தோட்டாவில், பத்துக் குண்டை 100 மீட்டரில் 4 செ.மீ. சொச்சத்துக்குள் வைத்தது. டிக்கா 3 செ.மீ. சொச்சம். செம்மானின் நெஞ்சுக்கூடு இதைவிடப் பல மடங்கு பெரிது. உட்கார்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றிச் சுடும்போது நான் அதே 100 மீட்டரில் எவ்வளவு பரப்புகிறேன் தெரியுமா? 15 செ.மீ. இதில் ரைபிள்களுக்கு இடையே உள்ள ஒரு செ.மீ. எங்கே தெரியப் போகிறது?

விசை வித்தியாசம் தெரியும். டிக்காவின் விசை ஒரு கிலோ வரை இறங்கும், கண்ணாடி உடைவது மாதிரி சுத்தமாக விழும். ரூகரின் விசையைக் குறைத்து வைத்தால்கூட ஒன்றே கால், ஒன்றரைக் கிலோ இருக்கும், விசையின் நடுவில் ஒரு பாதுகாப்புத் தகடு வைத்த வகை. மோசமில்லை, டிக்கா இல்லை.

#17 தாராபுரம்77

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை கிளப் மைதானத்தில் மழைநடையன் சொன்ன சோதனையை நானே செய்தேன். நண்பரின் டிக்காவிலும், கிளப்பில் ஒருவர் இரவல் கொடுத்த ரூகரிலும், தரையில் உட்கார்ந்து பத்துப் பத்துக் குண்டு. டிக்காவில் ஒரு சாண் அகலத்துக்கு மேல் பரவியது, இரண்டு முறை ஸ்கோப் புருவத்தில் இடித்தது. ரூகரில் பின் துண்டைக் கழற்றிவிட்டுச் சுட்டேன், பாதிதான் பரவியது. புருவம் தப்பியது. பிரேக் சத்தத்துக்குப் பக்கத்துத் தடத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார், பக்தன் தம்பி சொன்னது சரிதான்.

நேற்று ரூகர் வாங்கிவிட்டேன். பதிவேட்டிலும் ஏற்றியாயிற்று. சப்ரஸருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு குறை. கன்ன மேடு உயரமாக இருக்கிறது, ஸ்கோப்பைப் பிடிக்க நான் வாங்கிய வளையங்கள் குட்டை. கன்னத்தை நசுக்கிப் படுத்தால்தான் முழுப் படம் தெரிகிறது.

#18 மழைநடையன்

வாழ்த்துகள். கன்ன மேட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போது தாழ்ந்துவிட்டது என்றால் மேட்டைத் திரும்பப் பூட்டி, வளையத்தை நடுத்தர உயரத்துக்கு மாற்றுங்கள். ரெயிலே கொஞ்சம் உயரம் சேர்க்கும் என்பதை மறந்து குட்டை வளையம் வாங்குவது எல்லோரும் செய்வது. கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுங்கள், கண் திறந்ததும் படம் முழுதாக இருந்தால் சரி.

ஸ்கோப்பின் குறியைச் சரி செய்யும்போது முதலில் 25 மீட்டரில் தாளில் விழுகிறதா பாருங்கள், பிறகு 100-க்குப் போங்கள். 150 கிரெய்னில் 100 மீட்டரில் ஐந்து, ஆறு செ.மீ. மேலே வைத்தால் 200-ல் குறிக்குக் கிட்டத்தட்ட நேராக விழும். சப்ரஸர் வந்ததும் மாட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து சரி பார்க்க வேண்டும், குண்டு விழும் இடம் மாறியிருக்கும். அதனால் சப்ரஸர் வரும் வரை தோட்டாவை வீணாக்காதீர்கள்.

#19 டிக்கா_பக்தன்

அக்கா, போல்ட் இன்னும் கரகரக்கிறதா?

#20 தாராபுரம்77

நேற்று ராத்திரி மட்டும் 150 முறை இழுத்தேன். வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

#21 வன்னியான்

ஏப்ரலில் செம்மான் கத்தும் காலம் வருகிறது. சப்ரஸர் அதற்குள் வந்துவிடுமா? வந்தால் சொல்லுங்கள், ருவாஹினே பக்கம் ஒரு குடிசை தெரியும், நாலு பேர் படுக்கலாம். சோறு நான் காய்ச்சுகிறேன். சேஃப்டி பயிற்சி நான் இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறேன், பத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது.